சர்க்கரைக்கு ஒரு கொழுப்பு வால்: அசுவினியோடு ஆறு வாரம்

மிளகாய்ச் செடியின் குருத்து சுருளத் தொடங்கியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இலையைத் திருப்பினால் அடியில், செடிச் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி அப்பிக் கிடந்தது. தொட்டிச் செடிகளுக்குக் கடுமையான மருந்து அடிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். சர்க்கரையிலிருந்து பூச்சிக்கொல்லி செய்யலாம் என்று எப்போதோ படித்தது ஞாபகத்துக்கு வர, அரைகுறைப் புரிதலோடு இறங்கிவிட்டேன்.

முதல் வாரம் தெளித்தது வெறும் சர்க்கரைக் கரைசல். கெட்டியான கரைசல் பூச்சியின் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சிவிடும் என்பது என் சொந்த விஞ்ஞானம். இரண்டே நாளில் எறும்பு சாரை சாரையாக வந்தது. அசுவினிக்கு எறும்பு காவல்காரன். அசுவினி கழிக்கும் இனிப்பான தேன்கசிவுக்காக, அதைத் தின்ன வரும் பொறிவண்டை எறும்பு விரட்டியடிக்கும். அடுத்து இலைமேல் கரும்பூசணம் படர்ந்தது. எதிரிக்குக் காவலாளும் அமர்த்திக் கொடுத்து, விருந்தும் வைத்திருக்கிறேன்!

செடியைக் கழுவிவிட்டு, அப்புறம்தான் ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். பூச்சியைக் கொல்வது சர்க்கரை இல்லை, அதோடு ஒட்டவைத்த கொழுப்பு வால். புகையிலை இனத்தின் சில காட்டுச் செடிகள் இலைத் தூவிகளில் ஒரு பிசினைச் சுரக்கின்றன. அதிலுள்ள சர்க்கரை எஸ்டர்கள், அதாவது சர்க்கரையோடு அமிலம் இணைந்த சேர்மங்கள், வெள்ளை ஈ போன்ற மென்உடல் பூச்சிகளைக் கொல்கின்றன. அதே பாணியில் ஆலையில் செய்ததுதான் சுக்ரோஸ் ஆக்டனோயேட், அதாவது சர்க்கரையும் எட்டு கார்பன் நீளக் கொழுப்பு அமிலமும் சேர்ந்தது. அமெரிக்காவில் 2002-இல் பூச்சிக்கொல்லியாகப் பதிவானது. தேனீயை ஒட்டிக்கொண்டு வாழும் வரோவா உண்ணிக்கும் பயன்படுகிறது. வேலை முடிந்ததும் மண்ணில் சர்க்கரையாகவும் கொழுப்பு அமிலமாகவும் பிரிந்துவிடும்.

அதை வீட்டில் செய்ய முடியுமா என்றும் பார்த்தேன். சர்க்கரை எண்ணெயில் கரையாது. இரண்டையும் ஒன்றுசேர்க்கப் பழைய முறையில் டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பான் தேவை. அது ஈரலைக் கெடுக்கும். நஞ்சில்லாத மருந்து செய்ய நஞ்சைக் காய்ச்சுவதா? கைவிட்டேன்.

கிடைத்த மாற்று அதன் பங்காளி: டெசைல் குளூக்கோசைடு. இதில் சர்க்கரையோடு ஒட்டியிருப்பது கொழுப்பு ஆல்கஹால் வால். 1893-இல் எமில் ஃபிஷர் அமிலத்தின் துணையோடு சர்க்கரையையும் ஆல்கஹாலையும் இணைத்துக் காட்டிய வினைதான் இதற்கு அடிப்படை. மென்மையான ஷாம்பூக்களில் சேர்ப்பார்கள். நான் வாங்கியது பாதிக்குப் பாதி நீர் கலந்த கெட்டித் திரவம். அமில-கார அளவைக் காட்டும் pH தாளில் தொட்டால் 12-ஐக் காட்டியது, கடும் காரம். அப்படியே தெளித்திருந்தால் செடிக்கு என்ன ஆகியிருக்குமோ. நீரில் கலந்தபின் சிட்ரிக் அமிலத்தைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு நடுநிலையான 7-க்குக் கொண்டுவந்தேன்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: சோப்புக் கரைசல் செய்தபோதெல்லாம் கடினநீரில் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து, தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். குளூக்கோசைடுக்கு மின்னேற்றம் கிடையாது, கால்சியம் அதைப் பிடிக்காது. அதே தண்ணீரில் தெளிவாகவே நின்றது.

நான்கு இலைகளில் நூல் கட்டி அசுவினிகளை எண்ணினேன். வெறும் தண்ணீர் தெளித்த இலையில் 58 இருந்தது மறுநாள் 41 ஆனது. தண்ணீரின் வேகமே கொஞ்சத்தைத் தள்ளிவிடுகிறது. இதை எண்ணாமல் விட்டிருந்தால் முழுப் பெருமையும் மருந்துக்குப் போயிருக்கும். கால் சதவீதக் குளூக்கோசைடில் 63-இலிருந்து 30. அரை சதவீதத்தில், அதாவது பாதி நீரான அந்தத் திரவம் லிட்டருக்குச் சுமார் 10 மில்லி, 66-இலிருந்து 9. ஒரு சதவீதத்தில் 61-இலிருந்து 4, ஆனால் இலை ஓரம் கருகிவிட்டது. அதில் பாதிக் குற்றம் என்னுடையது, உச்சி வெயிலில் தெளித்தேன்.

உருப்பெருக்கியில் பார்த்ததுதான் இந்த ஆறு வாரத்தில் கிடைத்த லாபம். வெறும் நீர்த்துளி அசுவினியின் முதுகில் முத்துபோல உருண்டு நின்று, அது நகர்ந்ததும் கீழே விழுந்தது. குளூக்கோசைடு கலந்த துளி பட்ட கணமே தட்டையாகி, கால் இடுக்கு, வயிற்று விளிம்பு என எல்லா இடமும் ஊர்ந்து பரவியது. விலாவில் மூச்சுத்துளைகள் இருக்கும் இடத்தையும் நனைத்தது. கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன. பின்பகுதியிலுள்ள இரண்டு குழல்களின் நுனியில் ஒவ்வொரு சொட்டு வந்தது. மற்ற அசுவினிகளுக்கு அது அபாய எச்சரிக்கை. மாலையில் பார்த்தால் பழுப்பாகச் சுருங்கிக் கிடந்தது. அதன் தோல்மேல் இருக்கும் மெழுகுப் பூச்சு போய்விட்டால் உடல் ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாது.

காய்ந்தபின் இந்தக் கரைசலால் ஒன்றும் ஆகாது. அதனால் மறுநாள் வந்து உட்காரும் பூச்சி தப்பித்துவிடும். சுருண்ட குருத்துக்குள் இருப்பவையும் அப்படித்தான். அசுவினி முட்டையிடக்கூடக் காத்திராமல் நேராகக் குட்டி போடுவதால், மிஞ்சிய ஒன்பதே ஐந்தாம் நாள் ஒரு குடும்பமாகிவிட்டது. நான்கு நாள் இடைவெளியில், வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கம் நனையும்படி மூன்று முறை தெளித்தபோதுதான் கட்டுக்குள் வந்தது.

இரண்டாம் முறை தெளிக்கையில் பொறிவண்டுப் புழு ஒன்றையும் கொன்றுவிட்டேன். நனைகிற மென்உடல் எதுவானாலும் இது பார்க்காது. 'சூழலுக்குப் பாதுகாப்பானது' என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுதினால் நல்லது. மிச்சக் கரைசலை மீன் தொட்டிப் பக்கம் கொட்டக்கூடாது, செவுளுக்கு ஆகாது.

இப்போது குருத்தில் புது இலை நேராக விரிந்திருக்கிறது. நூல் கட்டிய இலையில் மூன்று அசுவினி, பக்கத்திலேயே பொறிவண்டின் மஞ்சள் முட்டைக் கொத்து. தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.