நோட்டுல இல்லாத ஒரு வார்த்தை

இத ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிட்டே வந்தேன். ஆண்டவர் செஞ்சத சபையில எழுந்து சாட்சி சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு ஒரு தயக்கம். ஆனா இது சாட்சிதான், அதனால நடந்தத நடந்தபடியே எழுதிடறேன்.

ஜெபம் பண்ற பழக்கம் எனக்கு சின்ன வயசுலேர்ந்தே உண்டு. ஞாயித்துக்கிழமை சபை, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி முழங்கால் போடறது, இதெல்லாம் விட்டதே இல்ல. கொஞ்ச வருஷமா ஒரு ஜெப நோட்டும் வச்சிருக்கேன், கோடு போட்ட சாதாரண நீள நோட்டு, அட்டை ஓரம் பிஞ்சு போய் டேப் போட்டு ஒட்டியிருக்கும். தேதி போட்டு விண்ணப்பத்த எழுதுவேன். அப்பாவுக்கு சுகம் வேணும், வீட்டுக்காரருக்கு நல்ல வேலை அமையணும், பொண்ணுக்கு காய்ச்சல் விடணும், தம்பிக்கு ஆண்டவர் புத்தி குடுக்கணும், இப்படியே போகும்.

போன வருஷம் ஒரு ராத்திரி தூக்கம் வரல. அந்த நோட்ட எடுத்து முதல் பக்கத்துலேர்ந்து புரட்டினேன், கேட்டதுல எதெல்லாம் நடந்துதோ அதுக்கு நேரா பென்சில்ல ஒரு டிக் போட்டுப் பாக்கலாமேன்னு தோணுச்சு. போட ஆரம்பிச்சா டிக் விழுந்துட்டே இருக்கு, மொத்தம் 43 டிக். பொண்ணோட காய்ச்சலுக்கு மட்டும் மூணு பக்கம் எழுதியிருந்தேன், கடைசி பக்கத்துல எழுத்து கலங்கியிருந்துச்சு, அழுதுட்டே எழுதினது அது. காய்ச்சல் விட்ட மறுநாள் என்ன எழுதியிருக்கேன்னு ஆசையா திருப்பினா, "ஆண்டவரே, வீட்டுக்காரர் இன்டர்வியூ"ன்னு ஆரம்பிக்குது. காய்ச்சல் விட்டதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. 43 டிக்குக்கும் அப்படித்தான், நோட்டு முழுக்கத் தேடினேன், ஆண்டவருக்கு நன்றி சொல்ற ஸ்தோத்திரம்ங்கற வார்த்தை ஒரு இடத்துல கூட இல்ல.

பைபிள்ல லூக்கா 17ல வர்ற அந்த பத்து குஷ்டரோகிங்க கதைய சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நானே எத்தனையோ தடவ சொல்லிக் குடுத்திருக்கேன். இயேசு சுகமாக்கினது பத்து பேர், நன்றி சொல்லத் திரும்பி வந்தது ஒருத்தன், அதுவும் யூதங்க ஒதுக்கி வச்ச சமாரியன். "மற்ற ஒன்பதுபேர் எங்கே"ன்னு இயேசு கேக்கறாரு. அன்னிக்கு ராத்திரி அந்தக் கேள்வி என்கிட்ட கேட்ட மாதிரி இருந்துச்சு. அந்த ஒன்பது பேரும் கெட்டவங்கன்னு இப்ப எனக்குத் தோணல, வீட்டுக்கு ஓடியிருப்பாங்க, பொண்டாட்டி புள்ளைங்களப் பாத்து எவ்வளவு நாள் ஆயிருக்கும், கிடைச்ச சந்தோஷத்துலயே குடுத்தவர மறந்துட்டாங்க, நானும் அதத்தான் பண்ணியிருக்கேன்.

அப்புறம் பிலிப்பியர் 4:6ஐ எடுத்தேன், எனக்கு மனப்பாடமான வசனம். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல், எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்." இத்தனை வருஷமா இதுல கவலைப்படாதே, விண்ணப்பத்த சொல்லு, இந்த ரெண்ட மட்டும்தான் நான் பிடிச்சிட்டு இருந்திருக்கேன். நடுவுல "ஸ்தோத்திரத்தோடே கூடிய"ன்னு இருக்கறத வாய் சொல்லுச்சு, மனசு தாண்டிப் போயிடுச்சு. இந்த வசனம் இருக்கற கடிதத்த எழுதினப்ப அப்போஸ்தலர் பவுல் விலங்கோட காவல்ல இருந்தாரு. எழுதினது பிலிப்பி ஊர் சபைக்கு. அந்த ஊர்லதான் அவரையும் கூட ஊழியம் செஞ்ச சீலாவையும் அடிச்சு ஜெயில்ல போட்டு காலத் தொழுமரத்துல மாட்டி வச்சாங்க, நடுராத்திரி ரெண்டு பேரும் ஜெபம் பண்ணி தேவனைத் துதிச்சுப் பாடினாங்கன்னு அப்போஸ்தலர் 16ல இருக்கு. ஜெயில் கதவு திறந்த அப்புறம் இல்ல, காயம் எரிஞ்சிட்டு இருந்த நேரத்துலயே பாடினாங்க.

சரின்னு மறுநாள்லேர்ந்து ஆரம்பிச்சேன். கேக்கறதுக்கு முன்னாடி நன்றி சொல்லணும்னு ஒரு தீர்மானம். உண்மையச் சொல்றேன், முதல் ரெண்டு வாரம் வறண்டு போய்தான் இருந்துச்சு, ரெண்டு நிமிஷத்துக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணும் வரல. அப்பதான் பைபிள்ல இருக்கற பாட்டுங்கள்ல ஒண்ணான 136ம் சங்கீதத்த கையில எடுத்தேன். மொத்தம் 26 வசனம், ஒவ்வொண்ணும் "அவர் கிருபை என்றுமுள்ளது"ன்னுதான் முடியும். முன்னாடியெல்லாம் இத ஏன் இத்தனை தடவ திருப்பித் திருப்பி சொல்லணும்னு வேகமா வாசிச்சிட்டுப் போயிடுவேன். இப்ப முதல் பாதிய மாத்தி என் வாழ்க்கைய வச்சு சொல்ல ஆரம்பிச்சேன், காய்ச்சல் விட்டுது, அவர் கிருபை என்றுமுள்ளது, வாடகை கட்ட வழி கிடைச்சுது, அவர் கிருபை என்றுமுள்ளது, இப்படி அந்த 43ஐயும் சொல்லி முடிக்க ரெண்டு காலை ஆச்சு. அழுகையோடதான் முடிச்சேன்.

லேவியராகமம் 7ல ஒரு சட்டம் இருக்கு, அதையும் இங்க சொல்லிடணும். ஸ்தோத்திர பலியோட மாம்சத்த அன்னிக்கே சாப்பிட்டு முடிச்சிடணும், விடியற வரைக்கும் மீதி வைக்கக் கூடாது. பொருத்தனை பலியா, அதாவது நேர்ந்துக்கிட்டு குடுக்கற பலியா இருந்தா மறுநாளும் சாப்பிடலாம். ஏன் இந்த வித்தியாசம்னு அங்க விளக்கம் எழுதல, நான் எனக்காக எடுத்துக்கிட்டது இதுதான், நன்றிய நாளைக்குன்னு எடுத்து வைக்கக் கூடாது. இப்பல்லாம் அன்னன்னிக்கு ராத்திரியே எழுதிடறேன்.

இனிமேதான் எழுதக் கஷ்டமான இடம் வருது.

அந்த நோட்டுல டிக் விழாத பக்கமும் நிறைய இருக்கு. அப்பாவுக்காக எழுதின பக்கங்க எல்லாமே அதுல சேர்த்தி. எட்டு மாசம் கேட்டேன், அப்பா போயிட்டாங்க. கடைசி நாள்ல தம்பி வரல, வேலைய விட்டுட்டு வர முடியலன்னான், வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அன்னிக்கு எனக்கு வாயில வந்ததெல்லாம் சொன்னேன், அவனும் சொன்னான், அதோட மூணு வருஷம் பேச்சே இல்ல. அவனுக்காக ஜெபிக்காம இருந்தேன்னு இல்ல, தினமும் ஜெபிச்சேன், அவன் தப்ப அவனுக்கு உணர்த்தும் ஆண்டவரேன்னு. அது ஜெபமே இல்ல, அவன் மேல ஆண்டவர்கிட்ட புகார் குடுத்துட்டு இருந்திருக்கேன்.

1 தெசலோனிக்கேயர் 5:18 "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்"னு சொல்லுது. அப்பா இறந்ததுக்காக என்னால நன்றி சொல்ல முடியல, இன்னிக்கும் முடியாது. எபேசியர் 5:20 எல்லாவற்றிற்காகவும்னு சொல்லுதே, அப்ப என்னன்னு கேப்பீங்க, அந்த வசனத்துகிட்ட நான் இன்னும் போய்ச் சேரல. ஆனா எல்லாவற்றிலேயும்ங்கறது எனக்குப் பிடிச்சு நடக்க ஒரு கைப்பிடி மாதிரி கிடைச்சுது. அந்த எட்டு மாசத்துக்குள்ள நன்றி சொல்ல என்ன இருந்துச்சுன்னு தேடினேன், இருந்துச்சு. அப்பா தினமும் சாயங்காலம் என்ன ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்லி கண்ண மூடி கேப்பாங்க, வாசிச்சு முடிச்சா விரல லேசா தூக்கி இன்னொண்ணுன்னு காட்டுவாங்க. அந்த விரலுக்காக நன்றி சொன்னேன்.

அடுத்து தம்பி. அவனுக்காக நன்றின்னு ஒரு வரி எழுதிப் பாப்போம்னு உக்காந்தா பேனா ஓடவே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. எனக்கு ஸ்கூல் படிக்கும்போது கால் உடைஞ்சு மாவுக்கட்டு போட்டிருந்தப்ப, ரெண்டு மாசம் என் புத்தகப் பையையும் அவன் பையையும் சேத்து முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணா மாட்டிட்டு அவன்தான் நடந்தான், அப்ப அவனுக்கு பத்து வயசு இருக்கும். அத எழுதினேன். எழுதி முடிச்சதும் அவன் மேல வச்சிருந்த கோவத்த தேடிப் பாக்கறேன், பழைய இடத்துல அது இல்ல. ஒருத்தனுக்காக ஆண்டவருக்கு மனசார நன்றி சொல்லிட்டு அதே வாயால அவன புகார் சொல்ல என்னால முடியல.

மறுநாள் போன் பண்ணினேன். மூணு ரிங்ல எடுத்துட்டு "அக்கா"ன்னான், அவ்வளவுதான், அப்புறம் ரெண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரல. நான் அந்தப் பையப் பத்திக் கேட்டேன், ஞாபகம் இருக்காடான்னு. "தோள்பட்டை இன்னும் வலிக்குதுக்கா"ன்னு சொல்லி சிரிச்சான், சிரிச்சிட்டே அழுதுட்டான். அப்பாகிட்ட வராம போனது தினமும் தன்ன அறுக்குதுன்னு அவனே சொன்னான். நான் மூணு வருஷமா ஆண்டவர உணர்த்தச் சொல்லிக் கேட்டது அவனுக்கு முதல் நாள்லேர்ந்தே உணர்ந்துதான் இருந்திருக்கு.

இதப் படிக்கறவங்க யாராவது இப்ப பெரிய துக்கத்துல இருந்தீங்கன்னா, நான் சொல்றத வச்சு உங்கள நீங்களே நெருக்காதீங்க. 88ம் சங்கீதம் வாசிங்க, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வசனம் வரைக்கும் கதறல்தான், நன்றின்னு ஒரு திருப்பம் வரவே இல்ல, அதுவும் வேதத்துலதான் இருக்கு, அதையும் ஆண்டவர் ஜெபமாத்தான் கேட்டிருக்காரு. செத்துப்போன தன் சிநேகிதன் லாசருவ உயிரோட எழுப்பப் போனப்ப, இயேசுவே முதல்ல கண்ணீர் விட்டாரு. அதுக்கப்புறம்தான், லாசரு வெளிய வர்றதுக்கு முன்னாடியே, "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்"னு சொல்றாரு. இந்த வரிசைய நான் அடிக்கடி யோசிப்பேன்.

வீட்டுக்காரருக்கு இன்னும் சரியான வேலை அமையல. அந்த விண்ணப்பம் நோட்டுல அப்படியே இருக்கு, தினமும் கேக்கறேன். நோட்டு இப்ப ரெண்டாவது ஆயிடுச்சு, இடது பக்கம் நன்றி, வலது பக்கம் விண்ணப்பம். இன்னிக்கு காலைல தம்பி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான், அப்பாவுக்குப் பிடிச்ச 121ம் சங்கீதத்த அவனே வாசிச்சு. முடிச்ச உடனே கட் பண்ணாம கொஞ்ச நேரம் சும்மா இருக்கான், மூச்சு மட்டும் கேக்குது. இடது பக்கத்துல தேதி போட்டு அத எழுதி வச்சிருக்கேன்.