65 டிகிரியில் ஒரு உயிர்

கச்சா எண்ணெயின் மெழுகு போன்ற பகுதி மண்ணில் கொட்டினால் லேசில் போகாது. அதையே தின்று வாழும் ஒரு பாக்டீரியாவைப் பற்றித்தான் இன்று முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் ஜியோபேசிலஸ் தெர்மோடிநைட்ரிஃபிகன்ஸ். வட சீனாவின் தாகாங் எண்ணெய் வயலில், பூமியின் ஆழத்திலிருந்து எடுத்தார்கள். கை வைத்தால் வெந்துபோகும் 65 டிகிரிதான் அதற்குச் சுகமான சூடு!

15 முதல் 36 கார்பன் அணுக்கள் வரை கோத்த நீளமான சங்கிலிகளை அது உடைக்கிறது. லாட்-ஏ என்ற நொதி சங்கிலியின் நுனியில் ஒரு ஆக்சிஜனைச் செருகும். ஆல்கஹால் ஆகும், அப்புறம் கொழுப்பு அமிலம், பிறகு சாதாரணச் சாப்பாடு. எவ்வளவு அழகான வேலை! 2007-இல் இதன் மரபணுத்தொகுதி முழுவதும் வெளிவந்தது.

குளிர்ந்த மண்ணில் தூவினால் மட்டும் வேலை நடக்காது. சூடேற்ற வேண்டும். அந்தச் செலவைக் கொட்டியவர்கள்தான் ஏற்க வேண்டும் என்பேன்.