கடைக்குப் போகும் முன் அழுக்குத் துணிக் கூடையைப் பாருங்கள்

உங்களுக்கென்று ஒரு ஸ்டைல் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தேடி இன்ஸ்டாகிராமில் மணிக்கணக்கில் உட்கார வேண்டாம், வீட்டில் இருக்கும் அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாலே போதும். வாரா வாரம் அதில் வந்து விழுவது எந்தத் துணிகளோ, துவைத்துக் காய்ந்ததும் மறுபடி எதைத் தேடி எடுக்கிறீர்களோ, அதுதான் நீங்கள். அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறதே மற்ற பாதி, அது நீங்கள் எப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று யோசித்து வாங்கியது. பெரும்பாலும் பணம் வீணாவது இந்த இரண்டாவது பாதியில்தான்.

தோழிகள் பலர் துணி எடுக்கப் போகும்போது என்னையும் கூப்பிடுவார்கள், எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் இப்போதெல்லாம் போவதற்கு முன் ஒரு மாதம் கூடையைக் கவனிக்கச் சொல்கிறேன். என் தங்கை தனக்குப் பிடித்ததெல்லாம் பளிச்சென்ற பூப்போட்ட துணிகள் என்று நம்பிக்கொண்டிருந்தாள், கடையில் அவள் கை போவதும் அங்கேதான். கூடையில் வந்து விழுந்ததோ கரும்பச்சை, கருநீலம், முக்கால் கை, உடம்பில் ஒட்டாமல் கீழே விழுகிற மாதிரியான துணி. எல்லாவற்றையும் கட்டில் மேல் பரப்பி வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அவள் திரும்பத் திரும்பப் போடுகிற அத்தனை உடையிலும் பாக்கெட் இருந்தது! பூப்போட்டதில் ஒன்றில்கூட இல்லை. நிறம், மாடல் எல்லாம் பார்த்து வாங்கியவள் போனையும் சாவியையும் எங்கே வைப்பது என்று பார்க்கவில்லை, உடம்பு மட்டும் அதைக் கணக்கில் வைத்திருக்கிறது. இப்போது அவள் கடையில் முதலில் கை விட்டுப் பார்ப்பது பக்கவாட்டுத் தையலில்தான்.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். அடிக்கடி போடும் உடைகளை ஒன்றாக வைத்து அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எங்கே முடிகிறது, இடுப்பில் பேன்ட் எந்த இடத்தில் நிற்கிறது, துணி மெல்லிசா தடிப்பா, முகத்துக்குப் பக்கத்தில் என்ன நிறம். போடாமல் கிடப்பதையும் எடுத்து ஏன் போடவில்லை என்று நேர்மையாகக் கேளுங்கள். குத்துகிறது, கையைத் தூக்கினால் ஏறுகிறது, இஸ்திரி போட்டால்தான் ஆகும், இதற்கு மேட்சாக வேறெதுவும் இல்லை. காரணம் பொதுவாக இப்படிச் சின்னதாகத்தான் இருக்கும். இந்த இரண்டு பட்டியலும் போனில் இருந்தால் கடையில் பாதி குழப்பம் குறையும்.

அப்புறம் உங்கள் வாரத்தைப் பாருங்கள். எந்த நேரம் எங்கே இருக்கிறீர்கள்? வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர் அலமாரியில் முக்கால்வாசி ஆபீஸ் சட்டையாக இருக்கும், வீட்டில் போட நல்லதாக ஒன்றுமே இருக்காது. விசேஷத்துக்கு என்று எடுத்ததெல்லாம் வரிசையாகத் தொங்கும், சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் போட ஒன்றும் சரியாக இருக்காது. அதிக நேரம் போடுகிற உடைக்குத்தான் அதிகப் பணமும் அதிகக் கவனமும் போக வேண்டும், நாம் செய்வதோ நேர் எதிர்.

'எல்லாரிடமும் இருக்க வேண்டிய பத்து உடைகள்' மாதிரியான பட்டியல்களை நான் நம்புவதில்லை. அளவாக, ஒன்றோடொன்று சேருகிற உடைகளை வைத்துக்கொள்வது நல்ல யோசனைதான், அதில் சந்தேகமில்லை. 1970களில் லண்டனில் கடை வைத்திருந்த சூசி ஃபோ 'கேப்ஸ்யூல் வார்ட்ரோப்' என்று இதைப் பரப்பினார். 1985இல் நியூயார்க்கில் டோனா கேரன் என்ற ஆடை வடிவமைப்பாளர் ஏழே உடைகளை வைத்து ஒரு தொகுப்பு கொண்டுவந்தார், காலையில் கிளம்பி வேலை, மாலை விருந்து என்று ஓடுகிற பெண்களை மனதில் வைத்து. அந்த ஏழும் அந்த வாழ்க்கைக்குப் பொருந்தின. நம் வாழ்க்கை வேறாக இருக்கும்போது அடுத்தவர் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக வெள்ளைச் சட்டை எதற்கு? குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவருக்கு வெள்ளைச் சட்டையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரி, கடைக்குள் போவோம். முதலில் சைஸ். லேபிளில் இருக்கும் எண்ணை வைத்து யாரும் மனம் நொந்துபோக வேண்டாம், அந்த எண்ணுக்குப் பின்னால் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1939-40இல் சுமார் 15,000 பெண்களை அளவெடுத்து, அதை வைத்து 1958இல் பெண்கள் உடைக்கு ஒரு தர அளவு வெளியிட்டார்கள். அளவெடுத்தபோதே வெள்ளையரல்லாத பெண்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. நிறுவனங்கள் அதை அவரவர் இஷ்டப்படி மாற்றிக்கொண்டே போனதில் 1983இல் அந்த அளவையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். இன்று ஒரே பிராண்டில் இரண்டு பேன்ட் ஒரே எண்ணில் இரண்டு விதமாக இருக்கும். அதனால் ஒரே மாடலில் மூன்று சைஸ் எடுத்துக்கொண்டு ட்ரையல் ரூமுக்குப் போங்கள், எந்த எண் என்று பார்க்காமல் எது சரியாக உட்காருகிறது என்று மட்டும் பாருங்கள்.

கண்ணாடி முன் நேராக நின்று பார்ப்பதால் பாதிதான் தெரியும். யாரும் நாள் முழுக்க அப்படி நிற்பதில்லையே. உட்காருங்கள், குனிந்து செருப்பு மாட்டுவது போலச் செய்யுங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், முன்னால் நீட்டிக் கட்டிப்பிடிப்பது போல மடக்குங்கள். முதுகில் இழுக்கிறதா, பட்டன்களுக்கு நடுவே வாய் பிளக்கிறதா, பேன்ட் பின்னால் இறங்குகிறதா? நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள், ஜன்னல் பக்கமோ வாசல் பக்கமோ கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரே சாயம் விளக்கில் ஒரு மாதிரியும் பகல் வெளிச்சத்தில் வேறு மாதிரியும் தெரியும். கறுப்புப் பேன்ட்டும் கறுப்புக் கோட்டும் கடையில் ஒன்றுபோல இருந்து, வெளியே வந்ததும் ஒன்று பச்சை ஓடியதாகவும் ஒன்று செம்பு ஓடியதாகவும் தெரிவது இதனால்தான்.

அதற்குப் பிறகு உடையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்புங்கள். இதை யாருமே செய்வதில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, ஏனென்றால் விலைச்சீட்டு சொல்லாததை எல்லாம் உள்பக்கம் சொல்லிவிடும். ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். பக்கத் தையலை இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுங்கள், நூல் ஏணிப்படி போலத் தெரிந்து நடுவில் இடைவெளி விழுந்தால் சில சலவையில் பிரிந்துவிடும். தையல் நெருக்கமாக இருக்கிறதா, துணி ஓரம் பிரியாமலிருக்கப் போடும் ஓவர்லாக் தையல் ஒழுங்காகப் போயிருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பாருங்கள். தையலுக்கு வெளியே துணி கொஞ்சம் விட்டுத் தைத்திருந்தால் நாளைக்கு உடம்பு போட்டாலும் பிரித்து லூஸ் பண்ணலாம், ஒட்ட வெட்டியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கட்டம், கோடு போட்ட துணியென்றால் பாக்கெட்டிலும் பட்டன் பட்டியிலும் கோடுகள் சேருகின்றனவா? சேர்த்து வெட்டுவதற்குத் துணி கூடுதலாகச் செலவாகும், அந்தச் செலவைச் செய்தவர் மற்ற இடத்திலும் கவனமாகத்தான் இருந்திருப்பார். காஜாவை விரலால் தடவுங்கள், பிசிறு வந்தால் கொஞ்ச நாளில் பட்டன் நிற்காது.

துணியைக் கையில் பிடித்துச் சில நொடி நன்றாகக் கசக்கி விடுங்கள். மடிப்பு அப்படியே நின்றால், போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தாலும் அப்படித்தான் நிற்கும். லினன் கசங்கும், அதன் அழகே அதுதான் என்று ஏற்றுக்கொள்ள முடிந்தால் வாங்குங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நெசவு எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்துவிடும். டி-ஷர்ட்டுக்கு ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தால் அது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. 150க்குக் கீழே இருந்தால் மெல்லிசு, 180க்கு மேல் போனால் கொஞ்சம் தடிப்பு. தடிப்பாக இருந்தால் நல்லது என்று அர்த்தமில்லை, வெயிலில் போட மெல்லிசுதான் சுகம்.

பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியில் உருண்டை உருண்டையாகப் பிசிறு திரளும், பார்த்திருப்பீர்கள். சுத்தப் பருத்தியிலும் பிசிறு திரளும், ஆனால் அது உதிர்ந்துவிடும். கலப்புத் துணியில் பாலியஸ்டர் இழை பலமாக இருப்பதால் உருண்டையை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். விஸ்கோஸ் (ரேயான் என்பதும் இதுதான்) அழகாக விழும், ஈரத்தில் பலம் குறையும், அதனால் முறுக்கிப் பிழியக் கூடாது. ஜீன்ஸில் இரண்டு சதவீதம் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை இருந்தால் உட்கார எழ வசதி, ஆனால் சூடு அதற்கு ஆகாது, டிரையரில் போட்டுப் போட்டு எடுத்தால் முட்டியில் தொளதொளவென்று ஆகிவிடும். பாலியஸ்டரே மோசம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மழைக்கோட்டுக்கும் ஓட்டப் பயிற்சிக்கும் அதுதான் சரி, வியர்க்கும் நாளில் நாள் முழுக்கப் போடும் சட்டைக்கு மட்டும் வேண்டாம்.

எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர், வயதானவர், எப்போதும் சொல்வார்: "தோள் மட்டும் சரியா இருக்கான்னு பார்த்து வாங்கிட்டு வாம்மா, மத்ததை நான் பார்த்துக்கறேன்." அவர் சொல்வது முழு உண்மை. நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, கையைச் சிறிதாக்குவது எல்லாம் சுலபம். தோள் தையல் எலும்பு முடியும் இடத்தைத் தாண்டி இறங்கியிருந்தால் கை, கழுத்து எல்லாவற்றையும் பிரித்தாக வேண்டும், கூலி சட்டை விலையைத் தொட்டுவிடும். பேன்ட்டில் உட்காரும் இடத்தில் இழுத்தாலும் அப்படித்தான். ரெடிமேட் உடை யாருக்கும் அச்சு அசலாகப் பொருந்தாது, கொஞ்சம் பிடித்துத் தைத்தால் சாதாரண சட்டையும் உங்களுக்கென்றே தைத்தது போல ஆகிவிடும். அதனால் ஆல்டர் செய்யும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

விலை என்று வந்தால் நான் பார்ப்பது இதுதான்: இதை எத்தனை தடவை போடுவேன்? நூறு தடவை போடும் ஷூவுக்கு மூன்று மடங்கு விலை கொடுத்தாலும், ஐந்து தடவை போட்டுத் தூக்கிப் போடுவதைவிடச் சல்லிசு. (ஷூவை மாலையில் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நடந்து கால் லேசாக வீங்கியிருக்கும்போது சரியாக இருந்தால் எப்போதும் சரியாக இருக்கும்.) அதிக விலை என்பதே தரம் ஆகிவிடாது, அதற்குத்தான் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். தள்ளுபடியில் எடுக்கும்போது பழைய விலையைக் கையால் மறைத்துக்கொண்டு, இந்த விலைதான் முதலிலிருந்தே என்றால் இதை எடுப்பேனா என்று கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மூன்று உடையோடு இது சேருமா என்றும் கேளுங்கள், சட்டென்று மூன்று பெயர் வாயில் வரவில்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். மனசு சரியில்லாத நாளில் கடைக்கே போக வேண்டாம்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் வீட்டிலிருக்கும் நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையைத் தரையில் விரித்து டேப் வைத்து அளந்து, மார்பு, தோள், நீளம் மூன்றையும் குறித்துக்கொண்டு, வாங்கப் போகும் உடையின் அளவோடு ஒப்பிட்டால் பாதி ரிட்டர்ன் குறையும். உடம்பின் அளவை வைத்து வாங்குவதைவிட இது சரியாக வரும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளுவதைப் பற்றி எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலானோர் உடை தைக்கும் தொழிலாளர்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டும் அவர்களை வேலைக்கு வரச் சொன்னார்கள். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் ஒரு மதிப்பீடு உண்டு. இத்தனை உழைப்பும் தண்ணீரும் போன ஒன்றை இரண்டு தடவை போட்டு மூலையில் எறிய எனக்கு மனசு வருவதில்லை. நல்லதாகக் கொஞ்சம் வாங்கி, நைந்து போகும்வரை போடுவதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம் இருக்கிறது.

நைந்து போகும்வரை வர வேண்டுமென்றால் பராமரிப்பும் வேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள், ஆனால் நம்மில் பலர் தேவைக்கு மேலேயே கசக்குகிறோம். ஜீன்ஸை ஒவ்வொரு தடவையும் துவைக்க வேண்டியதில்லை. கறுப்பு, கருநீலம் எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே வைத்துக் குளிர்ந்த தண்ணீரில் துவைத்து நிழலில் உலர்த்தினால் சாயம் ரொம்ப நாள் நிற்கும். சலவைக் குறிப்பில் முக்கோணம் ப்ளீச்சுக்கு, வெறும் வட்டம் டிரை கிளீனிங்குக்கு, சதுரத்துக்குள் வட்டம் டிரையருக்கு, குறுக்கே பெருக்கல் குறி போட்டிருந்தால் செய்யக் கூடாது. இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் சூடு குறைவாக வைக்க வேண்டும். ஸ்வெட்டரை ஹேங்கரில் தொங்கவிட்டால் தோளில் கொம்பு முளைத்த மாதிரி ஆகி நீளமும் இழுத்துக்கொள்ளும், மடித்துத்தான் வைக்க வேண்டும். புதுச் சட்டையோடு வரும் உபரி பட்டன்களை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, கூடவே ஊசியும் கறுப்பு வெள்ளை நூலும் வைத்துவிடுங்கள். பட்டன் ஆட ஆரம்பித்த அன்றே தைத்துவிடுங்கள், அது உதிர்ந்துபோனால் அதே மாதிரி இன்னொன்று தேடி அலைய வேண்டியிருக்கும்.