பழைய கைகள் புகைப்பட உரைக்குப் போனால்

புகைப்படத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் யாராவது அரங்கில் இருக்கிறாரா என்று கண்டுபிடிப்பது சுலபம். பேச்சாளர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் ப்ரொஜெக்டரை அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கியிருப்பார்.

பிதுக்குவதிலும் நியாயம் உண்டு. நாலரைக் கோடி பிக்சல் கேமராவில் எடுத்த படமாகவே இருக்கட்டும், ஃபுல் எச்டி ப்ரொஜெக்டர் காட்டுவது 1920-க்கு 1080, இருபது லட்சத்துச் சொச்சம். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த படம் என்றால் கேட்கவே வேண்டாம். உயரம் 1080-க்குள் அடங்க வேண்டும், அகலம் 720-ஆகச் சுருங்கிவிடும். திரையில் எட்டில் மூன்று பங்குதான் படம், மீதி கறுப்பு. அந்த நேரம் பார்த்து, “இந்த லென்ஸின் ஷார்ப்னெஸைப் பாருங்கள்” என்பார் பேச்சாளர். அரங்கமே தலையாட்டும். எட்டு லட்சம் பிக்சலில் எந்த லென்ஸும் ஷார்ப்தான்.

நிறத்துக்கு வருவோம். பழைய கைகள் பக்கத்து இருக்கைக்காரரிடம் நோய்க்குறி சொல்லத் தொடங்குவது இங்கேதான். முகங்கள் வெளிறிக் கிடந்தால், படத்தை அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிறவெளியில் சேமித்துவிட்டு, அதைப் புரிந்துகொள்ளாத மென்பொருளில் ஓட்டுகிறார்கள். பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபியில் மாற்றி எடுத்துவந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. வெள்ளைச் சட்டையில் பச்சை ஓடினால் ப்ரொஜெக்டர் ‘டைனமிக்’ மோடில் நிற்கிறது. வெளிச்சத்தை மட்டும் கூட்டிக் காட்டுவதற்கான மோடு அது, ‘சினிமா’வுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நண்பகலில் எடுத்த படம்கூட அந்திபோல மஞ்சளித்தால் குற்றவாளி மடிக்கணினியின் நைட் லைட். இதை அணைக்க ஒரு சொடுக்கு போதும். ஆனால் யாரும் அணைக்க மாட்டார்கள், ஏனென்றால் படங்கள் ‘வார்மாக’ இருப்பதாக முன்வரிசை ஏற்கெனவே பாராட்டிவிட்டிருக்கும்.

கறுப்புக்கு மருந்தே கிடையாது. ப்ரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் வீச முடியும், இருட்டை வீச முடியாது. திரைக்கு மேல் ஒரு குழல்விளக்கு எரிந்தால் அந்தச் சாம்பல்தான் அன்றைய கறுப்பு. உரை நடத்துகிறவர்கள் முதல் ஸ்லைடுக்கு முன்னால் கறுப்பிலிருந்து வெள்ளைவரை 11 படிகள் கொண்ட பட்டை ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். அடியிலுள்ள இரண்டு படிகள் ஒன்றாகத் தெரிந்தால் முன்பக்க விளக்கை அணைக்க வேண்டும். இதைச் சொன்னால் “விளக்கை அணைத்தால் தூங்கிவிடுவார்கள்” என்பார்கள். அதுவும் உண்மைதான்.

அடுத்து, தவிர்க்கவே முடியாத எக்ஸ்போஷர் முக்கோணம்: அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் சேர்ந்து படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் கதை. எஃப் எண் கூடினால் லென்ஸின் துளை (அதுதான் அப்பர்ச்சர்) சிறிதாகும் என்பதைப் பேச்சாளர் பத்து நிமிடம் விளக்குவார். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 என்றால் துளை 25 மி.மீ., எஃப்/4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி, அதாவது 2 ஸ்டாப் (வெளிச்சம் பாதியானால் ஒரு ஸ்டாப்). இந்த ஒரு கணக்கைச் சொன்னால் அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. “ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சென்சாரின் உணர்திறன் கூடும்” என்ற வரி திரையில் வந்ததும் பழைய கை நாற்காலியில் நெளியும். சென்சாரின் உணர்திறன் மாறுவதில்லை, கிடைத்த சமிக்ஞையைத்தான் கேமரா பெருக்குகிறது. புள்ளிபுள்ளியாகத் தெரியும் நாய்ஸ் பெரும்பாலும் வெளிச்சம் குறைவாக விழுந்ததால் வருவது. அதே ஷட்டர், அதே அப்பர்ச்சரில் ஐஎஸ்ஓ 400-இல் ராவ் (கேமரா பதப்படுத்தாத கோப்பு) எடுத்து, பிறகு கணினியில் 3 ஸ்டாப் ஏற்றினால், இன்றைய பல கேமராக்களில் அது 3200-இல் எடுத்ததற்கு ஏறக்குறைய ஒப்பாகவே நிற்கும். இவ்வளவும் சரி. அதற்காக நடுவில் எழுந்து சொல்லக் கூடாது. ட்ரைபாடு வாங்கி ஒரு வாரம் ஆனவர்களும் அரங்கில் இருக்கிறார்கள், அவர்களுக்கு முக்கோணமே போதும்.

நட்சத்திரப் படம் வரும்போது மட்டும் கை தூக்கலாம். 500-ஐ லென்ஸின் ஃபோகல் நீளத்தால் வகுத்தால், நட்சத்திரம் கோடாகாமல் ஷட்டரைத் திறந்துவைக்கும் நொடிக்கணக்கு வரும் என்று சொல்லிவிட்டு, 20 மி.மீ.க்கு 25 நொடி என்று அடுத்த ஸ்லைடுக்குத் தாவுவார்கள். 1.5 க்ராப் சென்சார்காரருக்கு (ஃபிலிம் அளவிலான ஃபுல் ஃப்ரேமைவிட 1.5 மடங்கு சிறிய சென்சார்) அது 16 நொடி சொச்சம்தான். தவிர, அது ஃபிலிம் காலத்துத் தாராளம். பிக்சல் நெருக்கமான கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் நட்சத்திரங்கள் அரிசிமணியாக நீண்டிருக்கும். 500-க்குப் பதில் 300 வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இதற்கிடையே கடைசி வரிசையிலிருந்து ஸ்லைடைப் படம் எடுக்க ஃப்ளாஷ் ஒன்று பளிச்சிடும். கேமராவோடு ஒட்டிய சின்ன ஃப்ளாஷின் கைடு நம்பர் (எட்டும் தூரத்தை எஃப் எண்ணால் பெருக்கியது) 12 என்றால் ஐஎஸ்ஓ 100, எஃப்/4-இல் அது எட்டுவது 3 மீட்டர். முன்னால் உட்கார்ந்திருப்பவரின் வழுக்கை மட்டும் கச்சிதமான எக்ஸ்போஷரில் பதிவாகும். திரைவரை எட்டினாலும் பயனில்லை, அதன் மேல் வெள்ளை வெளிச்சத்தை ஊற்றிப் படத்தை அழித்துவிடும். திரையைப் படமெடுக்க ஃப்ளாஷை மூடி, ஏஎஃப் (தானியங்கி ஃபோகஸ்) உதவி விளக்கையும் அணைத்து (பேச்சாளர் நெற்றியில் ஆரஞ்சுப் பொட்டு வைப்பது அதுதான்), எக்ஸ்போஷரை 1 அல்லது 2 ஸ்டாப் குறைத்து, ஷட்டரை 1/30-இலிருந்து 1/60-க்குள் வைக்க வேண்டும். வேகம் கூடினால், நிறச்சக்கரம் சுழலும் டிஎல்பி ப்ரொஜெக்டரில் படம் முழுக்க வானவில் பட்டைகள் விழும். பேச்சாளரைச் சத்தமில்லாமல் எடுக்க எலெக்ட்ரானிக் ஷட்டர் போடுபவர்களுக்கும் பட்டை வரும், அது மேடை விளக்கின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120.

பாதி உரையில் “நான் க்ராப் செய்வதே இல்லை, எடிட் செய்வதும் இல்லை” என்ற பிரகடனம் வரும். சான்றாக பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்டியே-பிரெஸ்ஸோன் 1932-இல் பாரிஸ் ரயில் நிலையத்தின் பின்னால் எடுத்த, தண்ணீரைத் தாண்டும் மனிதர் திரையில் தோன்றுவார். கட்டம் கட்டியதுபோல அமைந்த படம்தான். க்ராப்புக்கு, அதாவது படத்தின் ஓரத்தை வெட்டுவதற்கு, பரம விரோதியான அவர் க்ராப் செய்த வெகு சில படங்களில் அது ஒன்று என்பதுதான் வேடிக்கை. அவர் வேலிச் சட்டங்களின் இடைவெளியில் லென்ஸை நுழைத்து எடுத்தார், படத்தின் ஓரத்தில் வேலியும் பதிவாகிவிட்டது, அதை வெட்ட வேண்டியதாயிற்று. எடிட்டிங்குக்கு அமெரிக்க இயற்கைக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் இருக்கிறார். 1941-இல் நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸில் நிலவு உதிக்கும்போது ஒளிமானி கைக்கு அகப்படாமல், நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பதை நினைவிலிருந்தே எடுத்துக் கணக்குப் போட்டவர். அந்த நெகட்டிவிலிருந்து அவர் எடுத்த ஆரம்பகாலப் பிரிண்டுகளையும் பிற்காலப் பிரிண்டுகளையும் பக்கத்தில் வைத்தால் வானம் கறுத்துக்கொண்டே போயிருப்பது தெரியும். எடிட் செய்யாத படம் என்று எதுவும் கேமராவிலிருந்து வருவதில்லை. ஜேபெக் எடுத்தால் கேமராவே எடிட் செய்து தருகிறது, அவ்வளவுதான்.

கேள்வி நேரத்தில் மூன்று வகை. முதல்வகை, “என்ன கேமரா?” இரண்டாவது, “இது கேள்வி இல்லை, சின்னக் கருத்து.” இவரிடம் மைக் போனால் அடுத்த உரை தொடங்கிவிட்டதாக அர்த்தம். மூன்றாவது வகை, “இதன் செட்டிங்ஸ் சொல்ல முடியுமா?” எஃப்/8, 1/250 என்று பதில் வரும், அன்றைய மேகத்தோடு அந்த எண்ணும் கலைந்துவிட்டது என்பது தெரியாமல் நாலு பேர் எழுதிக்கொள்வார்கள்.

பழைய கை கேட்க வேண்டியது வேறு. இதற்கு முந்தைய ஃப்ரேமில் என்ன இருந்தது? எதை ஒதுக்க இடப்பக்கம் நகர்ந்தீர்கள்? இந்தத் தொகுப்பிலிருந்து கடைசியாக எடுத்தெறிந்த படம் எது, ஏன்? இப்படிக் கேட்டால் மனப்பாடம் நின்றுபோய்ப் பேச்சாளர் யோசிக்கத் தொடங்குவார். மடிக்கணினியில் வேறொரு ஃபோல்டரைத் திறந்து, கண் மூடிய முகங்களும் வெட்டுப்பட்ட கால்களுமாக முப்பது படங்களைக் காட்டினால் வந்த காரியம் முடிந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்காக முக்கோணத்தை இன்னொருமுறை கேட்கலாம்.

கூட்டம் கலைந்த பிறகும் வாசலில் இருவர் நிற்பார்கள். க்ராப் சென்சாரில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் எஃப்/1.8-ஆகவே இருக்குமா, எஃப்/2.7 ஆகிவிடுமா என்று சண்டை. எக்ஸ்போஷருக்கு 1.8-தான். ஃபுல் ஃப்ரேமில் 75 மி.மீ. வைத்து அதே காட்சியை எடுப்பதோடு ஒப்பிட்டால், ஃபோகஸ் ஆழத்துக்கு 2.7. இருவர் சொல்வதும் சரி என்பதால் சண்டை முடிய வழியே இல்லை.