ரிங்குக்கு அடியில் ஒரு மைக்

மன்னார்குடிப் பக்கம் மைக்செட் தொழில் செய்பவனுக்கு எந்த மாதம் எதற்குப் போக வேண்டியிருக்கும் என்பது மனப்பாடம். தையில் பொங்கல் விளையாட்டுப் போட்டி, மாசியில் காதுகுத்து, பங்குனியில் ராஜகோபால சுவாமி கோயில் 18 நாள் பெருவிழா, ஆடியில் அம்மனுக்குக் கூழ். நடுவே கட்சிக் கூட்டம், கபடி, கருமாதி. எதுவானாலும் எங்களுக்கு ஒரே சட்டம்தான்: இடைவெளி விடக்கூடாது. பேச்சாளர் மேடையேறும் வரை பாட்டு. மாப்பிள்ளை அழைப்பு தாமதமானால் இன்னும் நாலு பாட்டு. சத்தம் நின்ற அடுத்த நிமிஷம் "என்னப்பா, செட்டு அவுட்டா?" என்று ஆள் வந்துவிடும்.

இந்தச் சட்டம் செல்லாத ஒரு வேலை மாசிக் கடைசியில் வந்தது. "ரெஸ்லிங்ணே. டிவியில வருமே, அதேதான். நம்ம ஊரு கிரவுண்டுல நடத்துறோம்" என்றார் ஏற்பாட்டாளர். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டவர்களுக்குப் பணம் ஏறியிருக்கும் நேரம். டிக்கெட் போட்டு எதையாவது நடத்துவதென்றால் இந்தப் பக்கம் அந்தச் சில வாரங்கள்தான். ஆள் விவரமானவர்.

மத்தியானம் லாரியில் ரிங் வந்து இறங்கியது. டிவியில் பார்த்துவிட்டு அது மெத்தை என்று நினைத்திருந்தேன். நாலு மூலைக்கு நாலு இரும்புத் தூண், குறுக்கே இரும்புச் சட்டம், அதன்மேல் வரிசையாகப் பலகை, பலகைக்கு மேல் விரல் கனத்துக்கு ஃபோம், அதை இழுத்துக் கட்டிய கேன்வாஸ். அவ்வளவுதான் மெத்தை. கயிறு என்று நாம் பார்ப்பது இரும்பு வடம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸுக்குள் அதைச் செருகி மேலே டேப் சுற்றியிருந்தார்கள். கட்டி முடித்ததும் ஒரு பையன் ஓடிப்போய் அதில் முதுகால் மோதித் திரும்பி, மறுபக்கம் மோதி, இழுவை சரியா என்று பார்த்தான். இறங்கிவந்து பனியனைக் கழற்றினான். அக்குளுக்குக் கீழே விலா நெடுகப் பழைய கன்றலும் புதிய கன்றலுமாக, மூன்று கயிற்றுக்கும் கணக்கு வைத்தாற்போல் கோடுகள். எண்ணெய் தேய்த்தால் போகுமா என்று கேட்டேன். "அடுத்த ஷோ வரைக்கும் போகும்ணே" என்றான்.

வந்தவர்கள் பாதிப்பேர் சென்னைப் பையன்கள். ரெண்டு பேர் பஞ்சாபில் பயிற்சி எடுத்தவர்கள். 2007இல் டபிள்யூ டபிள்யூ இ என்ற அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனத்தின் வேர்ல்ட் ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்தாரே கிரேட் காலி, அவர் பிற்பாடு ஜலந்தரில் தொடங்கிய பள்ளியைப் பற்றி அவர்கள் பேச்சில் அடிக்கடி வந்தது. எல்லாருக்கும் மூத்தவர்தான் அன்று ராத்திரி வில்லன். பகலில் அவர்தான் மேஸ்திரி. நட்டு போல்ட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தவரும் அவர்தான்.

"அண்ணே, ரிங்குக்கு அடியில ஒரு மைக் கட்டணும்" என்றார்.

சட்டத்துக்கு அடியில் தவழ்ந்து போய், ஒரு சாதாரண மைக்கைப் பஞ்சில் சுற்றி நடு இரும்பில் கட்டினேன். வெளியே வந்து, மிக்சரில் அந்த மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றியதும் அவர் மேலே நின்ற இடத்திலிருந்து மல்லாக்க விழுந்தார். பேஸ் பாக்ஸில் இடி இறங்கியது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். அவர் எழுந்து இன்னொரு தடவை, எனக்காக, மெதுவாகச் செய்து காட்டினார். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், பின்மண்டை தரையைத் தொடவே கூடாது. கை ரெண்டும் விரிந்து உள்ளங்கை பலகையை அறைய வேண்டும். முதுகு முழுசும் ஒரே நேரத்தில் பட வேண்டும். மூச்சை உள்ளே பிடித்து வைக்காமல் விட்டுக்கொண்டே விழ வேண்டும். "மாசக்கணக்குல இது ஒண்ணுதாண்ணே சொல்லிக் குடுத்தாங்க. அடிக்கிறதெல்லாம் அப்புறம்."

அவருடைய அடுத்த நிபந்தனைதான் எனக்குப் புதிது. மணி அடித்ததிலிருந்து மறுமணி அடிக்கும் வரை பாட்டே போடக்கூடாது. யார் ஜெயிப்பது, எப்படி முடிப்பது, நடுவில் ரெண்டு மூன்று முக்கியமான கட்டம், இவ்வளவுதான் முன்கூட்டிப் பேசிக்கொள்வார்களாம். மீதியைக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுத்தான் ரிங்குக்குள் முடிவு செய்வார்கள். சத்தம் ஏறினால் இன்னும் கொஞ்சம் அடி வாங்குவது, தணிந்தால் வேறொன்றுக்குப் போவது. "நீங்க பாட்டைப் போட்டீங்கன்னா எங்களுக்கு ஜனங்க என்ன சொல்றாங்கன்னே தெரியாது." மைக்செட்காரனைச் சும்மா இருக்கச் சொல்லிக் காசு கொடுத்தவர்கள் என் அனுபவத்தில் இவர்கள்தான்.

சாயங்காலம் ஒரு வாக்குவாதம். கதாநாயகனைக் கிரேனில் தொங்கவிட்டு இறக்கலாம் என்று ஏற்பாட்டாளருக்கு ஆசை. தலைவர்களுக்கு ராட்சத மாலை போட வரும் அதே கிரேன்தான், வாடகையும் பேசிவிட்டார். வில்லன் ஒரே சொல்லில் மறுத்தார். ஓவன் ஹார்ட் என்ற ரெஸ்லரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டார். 1999 மே மாதம், அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி. கூரையிலிருந்து வாரில் இறங்கி வருவதாக ஏற்பாடு. கொக்கி விடுபட்டு 70 அடிக்கு மேல் கீழே விழுந்து செத்துப்போனார். அன்றைய நிகழ்ச்சியை நிறுத்தாமல் மீதியையும் நடத்தி முடித்தார்கள். இதைச் சொல்லும்போது வில்லனுக்குக் குரல் உயரவே இல்லை. கிரேன் திரும்பிப் போயிற்று. லைட் கட்ட மூங்கில் சாரத்தில் ஏறும் என் பையனிடம் அன்று முதல் இடுப்பில் கயிறு கட்டு என்று நானும் கறாராகச் சொல்கிறேன்.

வில்லன் என்னிடம் இன்னொன்றும் கேட்டார்: "இந்த ஊர்க்காரங்களுக்கு எதைச் சொன்னா ரோசம் வரும்ணே?" கர்நாடகாவிலிருந்து வருகிறேன், தண்ணீர் தரமாட்டேன் என்று பேசலாமா என்று அதற்கு முன்பே ஒரு பையன் கேட்டு, பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டையாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். ஏட்டையா செய்தது சரி. மேட்டூர் எப்போது திறக்கும் என்று தவிக்கிற ஊரில் அதை வைத்து விளையாடினால் சத்தம் ரிங்கோடு நிற்காது. நான் வேறொன்று எடுத்துக் கொடுத்தேன்.

நிகழ்ச்சி ஆறரைக்கு என்று நோட்டீஸ். முக்கியஸ்தர்களுக்குப் பொன்னாடை, அவர்கள் பேச்சு, பொன்னாடை போட்டவருக்குப் பதில் பொன்னாடை எல்லாம் முடியவே ஏழரை. முதல் ஆட்டம் சுமார்தான். இளசுகள், அவசரம். ரெண்டாவது ஆட்டத்தில்தான் கூட்டம் உட்கார்ந்தது: ரெண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி நெஞ்சில் திறந்த கையால் அறைந்துகொண்டார்கள். குத்து விடும்போது காலால் பலகையை மிதித்துச் சத்தம் கூட்டுவார்கள், உதைக்கும்போது தன் தொடையைத் தானே தட்டிக்கொள்வார்கள். ஆனால் இந்த அறையில் அப்படி எந்த வித்தையும் கிடையாது. நாலாவது அறையில் நெஞ்சில் ஐந்து விரலும் எழும்பிவிட்டது.

என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், மெட்ராஸில் அந்தக் கால மல்யுத்த வீரர்கள் தாராசிங்கையும் கிங்காங்கையும் பார்த்த கதையை யாரும் கேட்காமலே ஆரம்பித்தார். கிங்காங் ஹங்கேரியில் பிறந்த மனுஷன், நிஜப்பெயர் எமில் சாயா. இன்றைக்கும் எங்கள் தெருவில் குண்டாக ஒரு பையன் போனால் அந்தப் பெயர்தான். பெரியவரின் தீர்ப்பு: "அப்ப நெசமா சண்டை போட்டாங்க தம்பி, இப்பதான் எல்லாம் டூப்பு." அவருடைய அப்பாவும் தாராசிங்கைப் பற்றி அதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன், வாய்விட்டுச் சொல்லவில்லை.

மூன்றாவது ஆட்டத்துக்குள் பனி இறங்கிவிட்டது. மாசிப்பனி மச்சையும் துளைக்கும் என்பார்கள், கேன்வாஸ் எம்மாத்திரம். நாலு பேர் துண்டை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தும், மூலைத் தூணில் ஏறிய பையனுக்குக் கால் வழுக்கி, பாயவேண்டியவன் பக்கவாட்டில் விழுந்தான். கூட்டம் சிரித்தது. ரெஃபரி கையைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால் அடி நிஜம், உடனே பாட்டைப் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். என் கை பென்டிரைவ் பட்டனில். ரெஃபரி குனிந்து அவன் கையைப் பிடித்தார், பிடித்தபடியே இருந்தார். ஹெட்ஃபோனில், ரிங்குக்கு அடியிலிருந்த மைக் வழியாக, அவனைக் கொல்லப் போவதாக ஐந்து நிமிஷம் முன்னால் கத்தியவனின் குரல் கேட்டது: "மச்சி, தோள் ஓகேவா? அமுக்கு, கையை அமுக்கு." பிறகு, "சரி வா, மெதுவா." ஃபேடரை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தேன். அவன் எழுந்தான். எதிராளி தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போனான், கூட்டம் திட்டியது. அதன் பிறகு ராத்திரி முழுக்க என் விரல் அந்த ஒரு ஃபேடரிலேயே இருந்தது. விழும்போது ஏற்று, பேசும்போது இறக்கு. 16 சேனல் மிக்சரில் கைக்கு வேலை கொடுத்தது அது ஒன்றுதான்.

எல்லாம் நாடகம்தானே என்று பிற்பாடு கேட்காத ஆள் இல்லை. இதை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. 1989இலேயே நியூ ஜெர்சி மாநிலத்தில், விளையாட்டுப் போட்டிக்கான கட்டுப்பாடுகள் தங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, இது கேளிக்கைதான் என்று டபிள்யூ டபிள்யூ இ நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஒரத்தநாட்டுப் பக்கம் இரணிய நாடகத்துக்கு நான் செட் போட்டிருக்கிறேன். இரணியன் சாவான் என்பது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் விடியும் வரை உட்கார்ந்திருப்பார்கள், நரசிம்மம் தூணிலிருந்து வெளிவந்ததும் வேஷக்காரரை நாலு பேர் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். விட்டால் எதிரே இருப்பவருக்கு ஆபத்து. அவரை யாரும் டூப்பு என்று கேட்டதில்லை.

கடைசி ஆட்டம் ஆரம்பிக்க 9.30 தாண்டிவிட்டது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அனுமதிக் கடிதத்தில் என் கையெழுத்தும் இருந்தது. வில்லன் மைக்கை வாங்கினார். "திருவாரூர்ல தேரு இருக்கு. வேதாரண்யத்துல விளக்கு இருக்கு. ஒங்களுக்கு என்னடா இருக்கு? மதில்! வெறும் சொவரு! சொவத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கிற ஊராடா இது?"

மன்னார்குடி மதிலழகு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்று அவருடைய வம்சத்தையே இழுத்தார். மீட்டரைப் பார்த்தேன், என் ஸ்பீக்கர்களால் அந்தச் சத்தத்தைத் தாண்டியிருக்க முடியாது. மத்தியானம் அந்த வரியை எடுத்துக் கொடுத்தவன் நான்தான் என்று யாருக்கும் தெரியக்கூடாதே என்று ஒரு பக்கம் உதறல், மறுபக்கம் பெருமை.

9.48க்கு ரெஃபரி யாரோ ரசிகரை அதட்டுவதுபோல் என் மேஜைப் பக்கம் வந்தார். வாயை மூடியபடி, "எவ்வளவுண்ணே?" என்றார். "எட்டு நிமிஷம்." திரும்பிப் போய், கழுத்துப் பிடியில் சிக்கியிருந்த கதாநாயகனிடம் விட்டுக்கொடுக்கிறாயா என்று கேட்பதுபோல் குனிந்தார். ஹெட்ஃபோனில் கேட்டேன்: "எட்டுதான். மேஜைக் கட்டத்தை விட்டுடு, முடிப்புக்குப் போயிடு." அவ்வளவுதான் மாற்றம். பாதி ஆட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு தையல்கூடத் தெரியாமல் கடைசிக் கட்டத்துக்கு வந்தார்கள். ரெஃபரியின் உள்ளங்கை பலகையில் விழ விழ ஊரே எண்ணியது. ஒண்ணு, ரெண்டு என்று வந்து வில்லன் தோளைத் தூக்கிவிட்டார், ஊர் தலையில் கை வைத்தது. அடுத்த தடவை மூன்று. 9.57க்கு மணி அடித்தது. அப்போதுதான் பாட்டைப் போட்டேன்.

வில்லனும் கதாநாயகனும் ஒரே வேனில் வந்தவர்கள். வாசலில் பையன்கள் காத்திருந்ததால் வில்லனை ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் உட்காரவைத்து, கூட்டம் கலைந்ததும் ஏற்றினார்கள். பரோட்டா பார்சல் அவருக்கு அங்கேயே போயிற்று. ஏற்பாட்டாளர் பாக்கியை எண்ணிக் கொடுத்துவிட்டு, அடுத்து பட்டுக்கோட்டையில் ஒன்று இருக்கிறது, வருகிறீர்களா என்றார். வருகிறேன், ஆனால் பொன்னாடையும் பேச்சும் கிடையாது என்று அட்வான்ஸோடு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.