மாக்கல்லில் ஒரு சிந்துவெளி முத்திரை

வீட்டுக் கல்சட்டி பொங்கலுக்கு முந்தைய வாரம் விரிசல் விட்டுவிட்டது. வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோதே அடியில் ஒரு கோடு ஓடி, அடுப்பெல்லாம் குழம்பு. அம்மாவுக்கு வருத்தம். எனக்கோ, வெளியே காட்டிக்கொள்ள முடியாத சந்தோஷம். ஹரப்பா, மொகஞ்சதாரோ முத்திரைகளில் பெரும்பாலானவை, கல்சட்டி செய்யும் இதே மாக்கல்லில் செதுக்கப்பட்டவை. அப்படி ஒன்றை என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

முதல் ஞாயிறு. சட்டியின் அடிப்பாகம் நல்ல தடிமன். ஹேக்ஸா பிளேடால் 3 செ.மீ. சதுரமாக இரண்டு துண்டுகள் அறுத்தேன். சோப்புக் கட்டியை அறுப்பது போலத்தான் இருந்தது. ஆனால் இந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, கல்லை நனைத்து நனைத்துத்தான் வேலை செய்தேன். வாளித் தண்ணீர் அரிசி கழுநீர் நிறத்துக்கு மாறியது.

அன்றே உளியும் தயாரானது. சிந்துவெளிக்காரர்களிடம் இரும்பு இல்லை, செம்பும் வெண்கலமும்தான். தடித்த செப்புக் கம்பி ஒன்றின் முனையைச் சுத்தியால் தட்டித் தட்டித் தட்டையாக்கி, அம்மியில் தீட்டினேன். செம்பு அடிக்க அடிக்க இறுகும். அப்படியும் கால் மணிக்கு ஒருமுறை முனை மழுங்கியது. பாதி நேரம் செதுக்கினேன், மீதி நேரம் தீட்டினேன்.

இரண்டாவது ஞாயிறு முழுவதும் வீண். நூலில் அச்சிட்டிருந்த ஒரு பதிவின், அதாவது முத்திரையைக் களிமண்ணில் அழுத்தியதும் விழும் அச்சின், படத்தைப் பார்த்து, ஒற்றைக்கொம்பு விலங்கையும் மேலே ஐந்து குறிகளையும் அப்படியே செதுக்கி முடித்தேன். களிமண்ணில் அழுத்தினால் எல்லாம் தலைகீழ், அதாவது இடவலம் மாறி வந்தது. ரப்பர் ஸ்டாம்ப் பார்த்து வளர்ந்தவன் செய்யக்கூடிய தவறா இது? அசல் முத்திரைக் கல்லில் விலங்கு பெரும்பாலும் இடப்பக்கம் பார்த்து நிற்கும். மண்ணில் பதித்தால் வலப்பக்கம் பார்க்கும். எழுத்தும் அந்த முகம் இருக்கும் வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் போகும்.

மூன்றாவது, நான்காவது ஞாயிறுகள் இரண்டாவது கல்லுக்குப் போயின. இம்முறை கண்ணாடியில் பார்த்து வரைந்துகொண்டேன். விலங்கின் கழுத்து மடிப்புகளும், அதன் முன்னால் நிற்கும் தீவனத் தொட்டி போன்ற பொருளும்தான் பெரிய சோதனை. கோடு ஒரு நூல் அளவு ஆழம் கூடினாலும் பதிவில் தடித்துவிடுகிறது. மொகஞ்சதாரோ கைவினைஞர் இந்தச் சின்னஞ்சிறு இடத்தில் திமிலுள்ள காளையின் அலைதாடியை மடிப்பு மடிப்பாகச் செதுக்கியிருப்பார். நான் செய்தது ஆட்டுக்கும் கழுதைக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று.

எழுத்தில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. சிந்து எழுத்து ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகள் இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்டது ஐந்து. சிந்துவெளி வாசகங்களின் சராசரி நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதில் மீன் போன்ற குறி உண்டு. கடைசியில் குடம் போன்ற குறி. இருப்பதிலேயே மிக அதிகமாக வருவதும், பெரும்பாலும் கடைசியில் வருவதும் இதுதான். என்ன எழுதுகிறேன் என்று தெரியாமலேதான் செதுக்கினேன். படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. எழுதியதற்குப் பரிசு ஏதும் இல்லை.

நான்கு குறிகள் ஒழுங்காக வந்தன. குடத்துக்கு இடமில்லை. விளிம்போரமாக நசுக்கி, கீழே இறக்கி, எப்படியோ திணித்தேன். எரிச்சலோடு பதித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. சிந்து எழுத்து வலமிருந்து இடமாகப் போகிறது என்பதற்கு ஆய்வாளர்கள் காட்டும் சான்றுகளில் ஒன்று இதுதான்: சில பதிவுகளில் இடப்பக்கம் போகப் போகக் குறிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. என் பதிவிலும் இடது ஓரத்தில் குடம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் இன்னொருவர் பல்லைக் கடித்திருக்கிறார் என்று நினைத்ததும் எரிச்சல் போய்விட்டது.

முத்திரையின் பின்புறத்தில் இருக்கும் குமிழுக்கு ஒரு முழு மாலை. குமிழில் கயிறு கோக்கத் துளை வேண்டும். இரு பக்கத்திலிருந்தும் குடைந்தேன். நடுவில் இரண்டும் சந்திக்கவில்லை. மூன்றாவது முறை சாய்த்துக் குடைந்ததில் ஒருவழியாக வெளிச்சம் தெரிந்தது. அகழாய்வில் கிடைத்த பல முத்திரைகளுக்கும் குமிழ்தான் உடைந்திருக்கிறது.

சுடுவது தனிக்கதை. மாக்கல் நகத்தால் கீறினாலே கோடு விழும் கல். சிந்துவெளிக்காரர்கள் செதுக்கி முடித்த பிறகு காரம் (ஆல்கலி) பூசிச் சுட்டார்கள். கல் இறுகியது, மேற்பரப்பு வெளுத்தது. முதல் கல்லை, அந்த இடவலம் மாறிய கல்லை, சோதனைக்காகக் கரி அடுப்பில் போட்டு விசிறினேன். பத்து நிமிடத்தில் கரும்புகை; கூடவே புளியும் எண்ணெயும் கருகும் வாசனை. எத்தனை ஆண்டு வத்தக்குழம்பைக் கல் குடித்திருந்ததோ! பிறகு பட்டென்று இரண்டாகப் பிளந்தது.

இரண்டாவது கல்லுக்குச் சலவை சோடா கரைசலைப் பூசி, மண்பாண்டம் செய்யும் நண்பரின் மின்சூளையில் வைத்தேன். எட்டு மணி நேரம் மெதுவாக ஏற்றி, 1000 டிகிரி செல்சியஸ். மறுநாள் காலை சூளையைத் திறந்தால் வெள்ளை இல்லை, காப்பிப் பழுப்பு. கல்லில் இரும்பு கலந்திருந்தால் இப்படித்தான் ஆகும். ஆகவே அவர்கள் கல்லைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வித்தை இருக்கிறது. என் கல்லைத் தேர்ந்தெடுத்தது குழம்பு. ஆனாலும் இப்போது நகம் வழுக்குகிறது. ஊசியால் அழுத்தி இழுத்தால்தான் மங்கலாக ஒரு கோடு.

கடைசி வேலை நேற்று. குஜராத்தின் லோத்தலில் கிடைத்த களிமண் பதிவுகளின் பின்புறத்தில் கயிற்றின் தடமும் பாயின் தடமும் உண்டு. சரக்குக் கட்டுகளின் மேல் ஒட்டியவை அவை. நானும் அரிசிக் கோணியின் வாயைச் சணல் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் களிமண் உருண்டையை அப்பி, முத்திரையை அழுத்தினேன். இன்று காலை அது காய்ந்து தானே கழன்றுவிட்டது. முன்பக்கம் என் கழுதை வலப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. திருப்பினால் சணலின் முறுக்கு இழை இழையாகத் தெரிகிறது, ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகையோடு. அம்மா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, புதுக் கல்சட்டி எப்போது வரும் என்று கேட்டாள்.