ரசிகராக இருந்துகொண்டு கோச் ஆக முடியாது

லாபம் மட்டும் போதாது, தொழிலால் மனிதருக்கோ மண்ணுக்கோ ஏதாவது நல்லது நடந்தாக வேண்டும் என்று நினைத்து நிறுவனம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு கோச்சாக, அதாவது அறிவுரை சொல்லாமல் கேள்வி கேட்டு அவர்களையே முடிவுக்கு வரவைக்கும் ஆளாக, வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பலர், பெரிய நிறுவனங்களில் பதினைந்து இருபது வருடம் இலக்குகளைத் துரத்திச் சலித்தவர்கள். இனிமேலாவது மனசுக்குப் பிடித்த ஆட்களோடு வேலை செய்யலாமே என்ற எண்ணம். எண்ணத்தில் தப்பில்லை. ஆனால் இந்த வேலையில் சறுக்குகிறவர்களில் பலர் சறுக்குவது அங்கேதான். தலைவரின் கொள்கை கோச்சுக்குப் பிடித்துப்போய்விடுகிறது. பிடித்தவரிடம் கடினமான கேள்வி கேட்க வாய் வருவதில்லை.

இந்தத் தலைவர்கள் அமர்வுக்கு எதைக் கொண்டுவருகிறார்கள் என்று பார்த்தால் இது எவ்வளவு பெரிய குறை என்பது புரியும். 'என் நோக்கம் என்ன' என்று கேட்டு வருகிறவர் குறைவு. அது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். நோக்கமும் காசும் முட்டிக்கொள்ளும்போதுதான் ஆளைத் தேடுகிறார்கள். முதலீட்டாளர் கேட்கும் வேகத்தில் வளர்ந்தால் சப்ளையர்களுக்கு நியாயமான விலை கொடுக்க முடியாது. குடும்பம் மாதிரி என்று சொல்லி வளர்த்த அணியில் ஆறு பேரை அனுப்பியாக வேண்டும். கொள்கைக்கு ஒவ்வாத பெரிய ஆர்டர் ஒன்று வாசலில் நிற்கிறது; அதை விட்டால் நான்கு மாதத்தில் சம்பளம் போட முடியாது.

ஊரறிந்த உதாரணங்களே போதும். பிரெஞ்சு உணவு நிறுவனமான டனோன் 2020 ஜூனில் பங்குதாரர்களின் கிட்டத்தட்ட ஏகோபித்த ஆதரவோடு பிரெஞ்சுச் சட்டப்படி 'நோக்கம் கொண்ட நிறுவனம்' ஆனது. ஒரு வருடம் முடிவதற்குள், 2021 மார்ச்சில், அதை முன்னின்று நடத்திய தலைவர் இம்மானுவேல் ஃபேபர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். கைவினைப் பொருள் விற்கும் இணையச் சந்தையான எட்சி 2015-இல் பங்குச் சந்தைக்குப் போனது. 2017-இல் முதலீட்டாளர் நெருக்கடியில் தலைமை மாறியது, அதே வருடம் சமூக, சூழல் பொறுப்புள்ள நிறுவனங்களுக்குத் தரப்படும் பி கார்ப் சான்றிதழையும் கைவிட்டது. வெளிப்புற விளையாட்டு உடை நிறுவனமான படகோனியாவின் நிறுவனர் இவான் சூய்னார்ட் குடும்பம் 2022-இல் வாக்குரிமைப் பங்குகள் முழுவதையும், அதாவது மொத்தத்தில் 2 சதவீதத்தை, ஒரு டிரஸ்டிடம் வைத்தது; வாக்குரிமை இல்லாத மீதி 98 சதவீதத்தைச் சூழல் பணிக்கான அமைப்புக்குக் கொடுத்தது. மூன்றிலும் முடிவைத் தீர்மானித்தது யாருக்கு எவ்வளவு ஓட்டு, யார் யாரை நீக்க முடியும் என்ற கணக்கு. இதைப் பற்றி ஒன்றும் தெரியாத கோச், தலைவரின் உணர்ச்சியோடு நின்றுவிடுவார்.

முதலில் பயிற்சி. கோச்சிங்குக்கு அரசு உரிமம் என்று பொதுவாக எங்கும் இல்லை. யாரும் பலகை மாட்டிக்கொள்ளலாம். அதனால்தான் நிறுவனங்கள் கோச்சைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழைக் கேட்கின்றன. பரவலாகக் கேட்கப்படுவது 1995-இல் தொடங்கிய ஐ.சி.எஃப் எனும் சர்வதேச கூட்டமைப்பின் சான்றிதழ். முதல் படியான ஏ.சி.சி-க்கு 60 மணி நேரப் பயிற்சி, 8 பேருக்குக் குறையாமல் 100 மணி நேர கோச்சிங் (அதில் 75 கட்டணம் பெற்றதாக இருக்க வேண்டும்), 10 மணி நேர மென்டர் கோச்சிங் (உங்கள் கோச்சிங் திறனை மேம்படுத்த அனுபவமுள்ள கோச் தரும் வழிகாட்டல்). இரண்டாம் படியான பி.சி.சி-க்கு 125 மணி நேரப் பயிற்சி, 25 பேரோடு 500 மணி நேரம், அதில் 450 கட்டணத்தோடு. மேலே உள்ள எம்.சி.சி-க்கு 2,500 மணி நேரம். அதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். ஐரோப்பியப் பக்கம் இ.எம்.சி.சி என்ற அமைப்பின் சான்றிதழுக்கும் மதிப்பு உண்டு.

இந்த எண்களைக் காலமாக மாற்றிப் பாருங்கள். வேலையில் இருந்துகொண்டு வாரம் 2 மணி நேரம் கோச்சிங் செய்தால் 100 மணி நேரத்துக்கு ஒரு வருடம். முழுநேரமாக இறங்கி வாரம் 5 மணி நேரம், வருடத்தில் 45 வாரம் என்றால் 225 மணி நேரம். 500-ஐத் தொட இரண்டே கால் வருடம். பயிற்சி முடித்த கையோடு வேலையை விடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல்தான் விடுகிறார்கள். பி.சி.சி அளவுக்கு வரும்வரை பாதிச் சம்பளமாவது வேறு வழியில் வருவது நல்லது. பணக்கஷ்டத்தில் இருக்கும் கோச் எந்த கிளையன்டையும் இழக்கத் துணியமாட்டார். அப்புறம் கடினமான கேள்வி எங்கிருந்து வரும்?

பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். அது ஐ.சி.எஃப் அங்கீகாரம் பெற்ற லெவல் 1-ஆ (ஏ.சி.சி-க்கானது), லெவல் 2-ஆ (பி.சி.சி-க்கானது)? மென்டர் கோச்சிங் கட்டணத்துக்குள் அடங்குமா? உங்கள் அமர்வின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் கருத்துச் சொல்வார்களா, எத்தனை முறை? மூன்றாவதுதான் முக்கியம். ஒலிப்பதிவைக் கேட்காத பயிற்சியில் உங்கள் பழக்கம் மாறாது. தன் அமர்வை எழுத்தாக்கி, யார் எவ்வளவு பேசினார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தாலே போதும்; ஆலோசனை சொல்லியே பழகியவர் பாதி நேரத்துக்கு மேல் தானே பேசியிருப்பார்.

மணி நேரப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். கிளையன்டின் பெயர், தொடர்பு விவரம், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, கட்டண நேரம், இலவச நேரம். கோச்சிங் பயிற்சி தொடங்கிய பிறகு செய்த நேரம் மட்டுமே கணக்கில் சேரும். சான்றளிக்கும் அமைப்பு கேட்டால் விவரத்தைப் பகிர்வதற்கான சம்மதத்தை முதல் ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துக் கேட்பது பெரிய தொல்லை.

சான்றிதழ் வகுப்புகளில் சொல்லித்தராத பாதி ஒன்று இருக்கிறது: தொழில் அறிவு. லாப நட்டக் கணக்கும் பணப்புழக்கமும் வேறு வேறு என்பது தெரிய வேண்டும். 13 வாரப் பணப்புழக்க முன்கணிப்பைப் பார்த்து, காசு எந்த வாரத்தில் வற்றுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். பங்குகள் யார் யாரிடம் எவ்வளவு இருக்கின்றன என்ற அட்டவணையையும், பங்குதாரர் ஒப்பந்தத்தில் யாருக்கு மறுப்புரிமை என்பதையும் படிக்கத் தெரிய வேண்டும். பி கார்ப் மதிப்பீட்டில் நெடுங்காலமாக 80 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்று இருந்தது. ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்ட முடிந்தது. 2025-இல் வந்த புதிய தரநிலை ஏழு தலைப்புகளிலும் குறைந்தபட்ச அளவை எட்டச் சொல்கிறது. ஆகவே மதிப்பெண் கணக்கை நம்பியிருந்த தலைவர் இப்போது பலவீனமான பக்கத்தைத் தொட்டே ஆக வேண்டிய நிலையில் இருக்கிறார். இதெல்லாம் அறிவுரை சொல்வதற்காக இல்லை. "முதலீட்டாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று தலைவர் சொல்லும்போது, "ஒப்பந்தப்படி அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டியது எது, நீங்களே முடிவெடுக்கக்கூடியது எது?" என்று கேட்க இந்த அறிவு வேண்டும்.

இனி வேலையின் அளவு. வழக்கமான ஒரு ஏற்பாடு ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் 12 அமர்வு, ஒவ்வொன்றும் 75 நிமிடம். அது 15 மணி நேரம். தொடக்கத்தில் தலைவரைச் சுற்றியுள்ள எட்டுப் பேரோடு முக்கால் மணி நேரப் பேட்டி: 6 மணி. அதைத் தொகுத்து எழுத 4 மணி. தலைவர், அவருக்கு கோச்சிங் ஏற்பாடு செய்த ஸ்பான்சர், கோச் மூவரும் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் உட்கார 3 மணி. ஒவ்வொரு அமர்வுக்கும் முன்தயாரிப்பு, குறிப்பு என்று அரை அரை மணி: 6. மொத்தம் 34 மணி நேரம். அமர்வு நேரத்துக்கு மட்டும் விலை போடுகிறவர் பாதிக்கு மேல் இலவசமாக உழைக்கிறார். அதனால் மணிக்கு இவ்வளவு என்று சொல்லாமல் முழு ஏற்பாட்டுக்கும் ஒரே தொகை சொல்லுங்கள். சான்றிதழ் பதிவேட்டில் மட்டும் தலைவரோடு கோச்சிங் செய்த நேரத்தை எழுதுங்கள்.

கட்டணத்தில்தான் ரசிக மனம் முதலில் எட்டிப்பார்க்கும். நல்ல காரியம் செய்கிற நிறுவனம் தள்ளுபடி கேட்கும். கோச்சும் உருகிக் கொடுத்துவிடுவார். பிறகு அதே தலைவர் மூன்றாவது அமர்வை ஒரு மணி நேரம் முன்பு தள்ளிவைப்பார். குறைந்த கட்டணம் தவறில்லை, விதி இல்லாத குறைப்புதான் தவறு. நிறுவனத்தின் ஆண்டு வருமானத்தை வைத்து மூன்று படிநிலை வகுத்துக்கொள்ளுங்கள். பத்து கிளையன்டில் இரண்டு பேர் மட்டும் கீழ்ப்படிக்கு. 48 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் அந்த அமர்வு கழிந்தது; இது எல்லாப் படிக்கும் பொது. கட்டணத்துக்குப் பதில் பங்கு தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பங்கு வாங்கிய நொடியில் நிறுவனத்தின் விலை ஏற வேண்டும் என்ற ஆசை உங்களுக்கும் வந்துவிடும். 'நான் விலகிவிடலாமா' என்று அந்தத் தலைவர் யோசிக்கும் நாளில் எதிரில் இருப்பவர் கோச்சாக இருக்கமாட்டார், பங்குதாரராக இருப்பார்.

அமர்வுக்குள் ரசிக மனம் இன்னும் நுணுக்கமாக வேலை செய்யும். தலைவர் சொல்கிறார்: "சந்தைச் சம்பளம் எங்களால் கொடுக்க முடியாது. ஆனால் இங்கே வருகிறவர்கள் சம்பளத்துக்காக வருவதில்லை." கோச்சுக்கு அது அழகான வாக்கியமாகப் படுகிறது, தலையாட்டுகிறார். அங்கே கேட்க வேண்டியது: "போன வருடம் விலகியவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? அவர்களிடம் யார் கேட்டது?" இன்னொரு தலைவர், தன்னால் எந்தப் பொறுப்பையும் பகிர்ந்தளிக்க முடியவில்லை என்கிறார், ஏனென்றால் தரத்தில் சமரசம் செய்ய முடியாதாம். கொள்கைப் பிடிப்பும் கையில் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கமும் இங்கே ஒரே உடையில் வரும். "இந்த முடிவை நீங்கள் எடுக்காமல் உங்கள் மேலாளர் எடுத்தால், வாடிக்கையாளருக்கு என்ன குறையும்? உங்களுக்கு என்ன குறையும்?" இரண்டு கேள்வியையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டாவதுக்கு வரும் மௌனத்தை நிரப்பாதீர்கள்.

எட்டுப் பேர் பேட்டி இதற்கு நல்ல மருந்து. தலைவர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பட்டியலில் அவரைப் பிடித்தவர்கள்தான் இருப்பார்கள். முரண்படுகிற இருவரையும், சமீபத்தில் வேலையை விட்ட ஒருவரையும் சேர்க்கச் சொல்லுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகள்: இவர் எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும், நிறுவனம் சொல்கிற கொள்கையும் இவர் நடந்துகொள்வதும் எந்த இடத்தில் ஒத்துப்போவதில்லை? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் ஆறு மாதத்துக்கான வேலை. யார் சொன்னது என்று தெரியாதபடி கருத்துகளைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். சிறிய நிறுவனத்தில் சொல்லாட்சியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் வாக்கியங்களை அப்படியே எடுத்துப்போடாதீர்கள்.

சூப்பர்விஷன், அதாவது உங்கள் கோச்சிங் வேலையை அனுபவமுள்ள இன்னொருவரிடம் பேசிப் பரிசீலிப்பது, இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள். இ.எம்.சி.சி-யின் வழிகாட்டுதல் 35 மணி நேர வேலைக்கு 1 மணி நேரம், வருடத்துக்குக் குறைந்தது 4. அதைக் கட்டணம் கொடுத்து, உங்கள் கொள்கைகளோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எந்த கிளையன்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறீர்களோ அவரைப் பற்றித்தான் அங்கே முதலில் பேச வேண்டும்.

எல்லை ஒன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். உலகத்தையே தோளில் சுமப்பதாக நினைக்கும் தலைவர்கள் உடைந்துபோகும்வரை வேலை செய்வார்கள். பல வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் ஈடுபாடு இல்லை, குடியில் போய் நிற்கிறது, வாழ்ந்து என்ன பயன் என்கிறார் என்றால் அது கோச்சிங்கால் தீரக்கூடியது இல்லை. மருத்துவரிடமோ மனநல நிபுணரிடமோ அனுப்புங்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியக் காப்பு பொருந்தாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் தேவைப்படும் நாளில் துரோகமாகத் தெரியாது.

முதல் கிளையன்டுகளை நிறுவனர்களிடம் தேடாதீர்கள். அவர்களைச் சுற்றி ஏற்கெனவே நிறைய ஆலோசகர்கள் இருப்பார்கள். இரண்டாம் நிலையில் இருக்கும் செயல்பாட்டுத் தலைவர், புதிதாக இயக்குநர் பொறுப்பேற்ற அறக்கட்டளை மேலாளர், அப்பாவிடமிருந்து தொழிலை வாங்கி அதை வேறு திசையில் திருப்ப நினைக்கும் அடுத்த தலைமுறை. இவர்களுக்கு ஆள் தேவை, கேட்கத்தான் தெரியாது. அறிமுகப் பேச்சு அரை மணி நேரம் போதும். அதில் உங்கள் கதையைச் சொல்லாமல், அவர் அந்த வாரம் எடுக்க வேண்டிய ஒரு முடிவின் மேல் கால் மணி நேரம் வேலை செய்து காட்டுங்கள்.

ஒரு வகை வேலையை மட்டும் பணம் எவ்வளவு வந்தாலும் யோசித்து எடுங்கள். இயக்குநர் குழு, தங்களுக்கு ஒத்துவராத நிறுவனரைச் 'சரிசெய்து தாருங்கள்' என்று அனுப்புவது. மூவரும் உட்காரும் முதல் சந்திப்பில் ஸ்பான்சரிடம் கேளுங்கள்: "இதே குறையை இவரிடம் நேராகச் சொல்லியிருக்கிறீர்களா? ஆறு மாதத்தில் மாறாவிட்டால் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?" இரண்டாவது கேள்விக்குப் பதில் ஏற்கெனவே முடிவாகியிருந்தால் அந்தக் குழுவுக்குத் தேவைப்படுவது ஒரு வழக்கறிஞர், நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம்.